இரண்டு நாள் தாடி

செவ்வாய்க்கிழமை காலை பத்தேமுக்காலுக்குச் செய்தி வந்தது. சுரங்கப்பாதை தோண்டும் இடத்தில் மண் சரிந்து பதினொரு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். சலூன்காரரின் தம்பியும் அதில் ஒருவன். கடையைச் சாத்தாமலே ஓடினார். சவரப்பெட்டி கையோடு வந்திருந்ததை அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தார்.

வேலி ஓரம் தகரக் கொட்டகை போட்டு உறவுக்காரர்களை உட்கார வைத்திருந்தார்கள். தம்பி மனைவி பக்கத்திலேயே இருந்தாள்.

“இருப்பாரா மாமா?”

“இருப்பான்மா. அவன் கெட்டி.”

நூறு தடவை சொன்னதில் அந்தச் சொல் சக்கையாகிவிட்டது.

புதன்கிழமை அவருக்கு உட்கார முடியவில்லை. டீக்கடையில் ஒரு குவளை வெந்நீர் வாங்கிக்கொண்டு, கொட்டகையில் காத்திருந்த ஒரு லாரி டிரைவர் முன்னால் போய் நின்றார். டிரைவரின் மகனும் உள்ளேதான் இருந்தான்.

“முகத்தைக் காட்டுங்க.”

“மீசையைத் தொட்டே, கைய உடைச்சிடுவேன்.”

“அதுல என்னண்ணே இருக்கு தொட? இருக்கறதே அஞ்சு முடி, அதுவும் ஆளுக்கொரு திசையில நிக்குது.”

கொட்டகையே சிரித்தது. சிரித்துவிட்டோமே என்று உடனே எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் டிரைவர் முகத்தைக் காட்டினார். வெந்நீரில் பிழிந்த துண்டு கன்னத்தில் பட்டதும் கண்கள் தாமாக மூடின, தோள் இறங்கியது. சோப்பு வாசனை, பிளேடு இழுபடும் மெல்லிய சத்தம், கடைசியில் படிகாரத்தின் குளிர்ச்சி. கால்மணி நேரம் அவர் எதற்கும் காத்திருக்கவில்லை. “தூங்கியே போயிட்டேன்யா,” என்றார், ஏதோ தப்புச் செய்தவர்போல.

அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிளேடு பிடித்திருக்கும்வரை சலூன்காரருக்குக் கை நடுங்கவில்லை. கீழே வைத்தால்தான் நடுங்கியது. அதனால் வைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் தம்பியை வெளியே எடுத்தார்கள். உயிர் இல்லை.

“மண்ணு விழுந்த நிமிஷமே முடிஞ்சிருக்கும்மா. கஷ்டம் தெரிஞ்சிருக்காது,” என்றார் டாக்டர்.

அவள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “கேட்டீங்களா மாமா? உடனே போயிட்டாராம். அது போதும் எனக்கு.”

அடையாளம் காட்ட அவர்தான் முதலில் பிணவறைக்குள் போனார். துணியை விலக்கியதும், தொழில் பழக்கத்தில் கட்டைவிரல் தாடைக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் தம்பிக்கு முகம் வழித்துவிட்டவர் அவரே. செத்த முகத்தில் தோல் சுருங்கி முடி கொஞ்சம் தூக்கிக்கொண்டு தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இது அப்படியல்ல. நன்றாக வளர்ந்த இரண்டு நாள் தாடி. கொட்டகையில் மீசையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவன் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது. உள்ளே வந்ததும் முதலில் கன்னத்தைத்தான் தடவுவாள். எத்தனை நாள் தாடி என்று அவள் கைக்கும் தெரியும்.

“தொடச்சு விட்டுட்டுக் கூப்பிடறேன். பத்து நிமிஷம் குடுங்க,” என்று காவலரிடம் கெஞ்சிவிட்டுப் பெட்டியைத் திறந்தார். வெந்நீர் இல்லை. குழாய்த் தண்ணீரிலேயே நுரை கட்டினார். கை நடுங்கியது.

அவள் உள்ளே வந்தபோது வலது கன்னம் மட்டும்தான் முடிந்திருந்தது.