சக்கரத்தில் தண்ணீர் தெளித்தவர்

தங்கச்சி மகள் நிச்சயத்துக்காக ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் பழைய கார் யாரோ பின்னாலிருந்து இழுப்பது போலத் திணறியது. கருகின வாடை வரவும், மம்சாபுரம் விலக்குப் பக்கம் ஒரு பட்டறையில் நிறுத்தினோம்.

மெக்கானிக் ஒட்டிய கன்னமும் ஒற்றைக் கடுக்கனுமாக இருந்தார். ஒன்றும் கேட்காமல், தோசைக்கல்லுக்குத் தெளிப்பது போல நாலு சக்கரத்திலும் தண்ணீர் தெளித்தார். முன்பக்கத்து இடது சக்கரம் மட்டும் சுர்ரென்றது. அதைக் கழற்றினார். பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் சக்கரத்தை விடாமல் கவ்விக்கொண்டிருந்திருக்கிறது.

"பிரேக்கு முன்னபின்ன நகர்றதே இந்தப் பின்னுலதான். எந்த மகராசன் இதுல மில் மிஷினுக்குப் போடுற கிரீஸைப் பூசுனது? ரப்பர் உப்பிப் போயி, பின்னு நகர மாட்டேங்குது."

என் வீட்டுக்காரர் மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். காரை வேறு ஆள் தொடவிட மாட்டார். போன மாதம் பூசியது அவர்தான். இப்போது முகம் சுண்டிப்போய், ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. வெளி ஆளிடம் பேசவே கூசுகிறவள், வாயைத் திறந்துவிட்டேன்.

"நாந்தாம்ப்பா பூசுனேன்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். இவரையும் ஒருதரம் பார்த்தார். சிரிக்கவில்லை. புது ரப்பர் மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினார்.

"பாத்தியளா ஆச்சி, எம்புட்டு லேசா சுத்துது. இதுக்குன்னு பிரேக் கிரீஸு தனியா இருக்கு. அடுத்த தடவ பூசும்போது மறந்துராதீய."

பொய் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் அம்புட்டையும் என்னைப் பார்த்தே சொன்னார். பக்கத்தில் இவர் குனிந்து நின்று, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.