செருப்பில் வெட்டிய மிதவை

நான் ஓ.எல். வரைக்கும் படித்தவள். பள்ளியில் கட்டுரை என்றால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு இறால் குழம்பின் மணம் மூக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, அதனால்தான்.

போன ஞாயிறு நோபல் பார்க் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து சாப்பாடு. முதியோர் இல்லத்துக் குசினியில் என்னோடு சமையல் வேலை செய்யும் செல்வியை நான்தான் கூட்டிப் போனேன். பாம்பன்காரி. மெல்பேர்னில் அவளுக்கு வேறு ஆட்களில்லை. மீன் இல்லாமல் ஒருநாளும் மதியம் சாப்பிடமாட்டாள். அன்றைக்கு ஒரு சட்டி இறால் குழம்பு வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

மூடியைத் திறந்தாள். எனக்கு மன்னார்க் கடல் வந்துவிட்டது. அகலமும் ஆழமும் இல்லாத கடல் அது, அக்கரையில் இந்தியா, செல்வியின் பாம்பன். திங்கள், புதன், சனி இரவுகளில் அடிவானம் ஒரு பட்டணம் போல வெளிச்சமாக இருக்கும். அக்கரை இழுவைப் படகுகள். றோலர் என்போம். கடலின் அடியைப் புல்லோடு வழித்துக்கொண்டு போகும். அந்த நாட்களில் எங்களவர்கள் வலை விடுவதில்லை. விட்டால் வலை திரும்பாது. இன்றைக்கும் திங்கட்கிழமை இங்கே டண்டினோங் சந்தையில் மீன் வாங்க எனக்குக் கை வராது. மகன் சிரிப்பான். செல்விக்கும் இது தெரியும்.

சண்டை வந்தபோது அதே அக்கரைக்குத்தான் ஓடினோம். மண்டபம் அகதி முகாமில் அப்பாவுக்கு வேலையில்லை. ஒளித்து ஒரு றோலரில் கூலிக்கு ஏறினார். அது எங்கள் பக்கம்தான் வந்து இழுத்தது. ஒருநாள் இழுத்த வலையில் இறாலோடு, பழைய றப்பர் செருப்பில் வெட்டிய வலை மிதவை ஒன்றும் வந்தது. எங்கள் கரையில்தான் அப்படி வெட்டுவார்கள். அப்பா அதை இடுப்பில் முடிந்துகொண்டு வந்தார். அன்றைக்குக் கூலியோடு கிடைத்த இறாலை அம்மா சமைத்தா. அப்பா தொடவில்லை. நாங்கள் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம். நல்ல ருசி. அந்த ருசியை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

அன்றைக்குப் பூசைச் சாப்பாட்டுக்கு வந்திருந்த சூசை அங்கிள் எங்கள் ஊரவர். றோலருக்கு இரண்டு தரம் வலையைப் பறிகொடுத்தவர். இரண்டாம் முறையும் குழம்பைப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"நல்ல றால் கறி. ஆர் சமைச்சது?"

"நான்தான் அங்கிள். பாம்பன்," என்றாள் செல்வி.

"அதுதானே பாத்தன்! எங்கட கடலை வழிச்சுப் பழகின கை. ருசிக்கும்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வியும் சிரித்தாள். "இப்ப எங்க பக்கமும் வழிக்க ஒண்ணுமில்ல அங்கிள்," என்றபடி சட்டியை மூடினாள். அவள் மூடிய விதத்திலேயே தெரிந்தது, இனி இந்தப் பக்கம் வரமாட்டாள்.

கூட்டத்தில் வாய் திறக்காதவள் நான். "அங்கிள், எங்கட அப்பாவும் றோலரில வந்தவர்," என்றேன்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"முகாமில இருக்கேக்க. கூலிக்கு. எங்கட பக்கம் வந்துதான் இழுத்தவை."

"கொப்பரோ?"

"ஓம் அங்கிள்."

அவர் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பாதி இறால் மிச்சம் இருந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டு ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு போனார். அப்பாவைத் தெரிந்த நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. செல்வி மட்டும் சட்டியோடு என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள்.

அப்பா இப்போது இல்லை. மிதவை வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டது. கடலடிப் புல் அழிந்து, அதை மேய வரும் ஒட்டி மீனும் குறைந்துபோனதாக ஊரிலிருந்து சொல்கிறார்கள். பாம்பனிலும் அதே கதைதான் என்கிறாள் செல்வி.

பூசைக்கு அடுத்த நாள் திங்கட்கிழமை. மதியம் செல்வி எனக்கும் சேர்த்து முட்டைக் குழம்பு கொண்டுவந்திருந்தாள்.