கடல் எந்தப் பக்கம்?

என் பெண்சாதி சுல்பிகா ஆகாயத்தில் பொலிஸ் வேலை பார்க்கிறாள் என்றுதான் எங்கள் ஊர் சாய்ந்தமருதில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் அவள் பிளேன் ஓட்டுகிறாள் என்கிறார்கள். இரண்டும் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் நொந்துவிட்டது. அவள் விமானக் கட்டுப்பாட்டாளர். கண்ணாடிக் கோபுரத்தில் இருந்துகொண்டு, எந்த விமானம் எப்போது ஏறலாம், எப்போது இறங்கலாம், எந்தப் பக்கம் திரும்பலாம் என்று றேடியோவில் விமானிகளுக்குச் சொல்கிறவள். இவ்வளவுதான் வேலை. ஆனால் இந்த வேலையை நினைத்து நான் நிம்மதியாகத் தூங்கிய நாட்கள் மிகவும் குறைவு.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் போனேன். போன வீட்டில் சீராக இருக்கவா விட்டாள்? மேற்குக் கரையில் ஒரு சின்ன விமான நிலையத்துக்கு அவளுக்கு இடமாற்றம் வந்தது. கல்முனை பஸாரில் இருந்த போன் திருத்தும் கடையைப் பூட்டிவிட்டு நானும் பின்னால் வந்தேன். இப்போது கடை அந்த நிலையத்தின் மதிலுக்குப் பக்கத்துச் சந்தியில் இருக்கிறது. நிலையத்தின் பேரைச் சொல்லக் கூடாது என்று சுல்பிகா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். சொல்ல மாட்டேன்.

நம் நாட்டு வானத்தையும், அதற்கு அப்பால் சமுத்திரத்தின் பெரிய துண்டு ஒன்றையும் பார்த்துக்கொள்வது அவளுடைய நிறுவனம். இங்கே இறங்காமல் மேலால் போகிற விமானமும் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டுமாம்.

"அப்ப ஆகாயத்தில றோட்டுப் போட்டு வாடகை வாங்குறீங்க" என்று ஒருநாள் சீண்டினேன்.

"றோட்டு இல்ல, இடைவெளி. ஒண்டோட ஒண்டு முட்டாம இடைவெளி குடுக்கிறம். அதுக்குத்தான் காசு" என்றாள்.

உம்றாவுக்கு மக்கா போகும் நம் சனத்தைச் சுமக்கிற பெரிய விமானமும் அவர்களுக்கு வாடிக்கையாளர்தான், பறக்கப் பழகும் பள்ளிக்கூடத்து மாணவன் தனியாக ஓட்டுகிற குட்டி விமானமும் வாடிக்கையாளர்தான். பெரியது சின்னது என்று பார்த்துப் பேச முடியாது. அவள் இருக்கிற சின்னக் கோபுரத்துக்கு வருகிறவர்களில் கூடுதலானோர் இந்த மாணவர்கள். அங்கே விமானங்களைக் காட்டும் திரையும் கிடையாது. கண்ணும் காதும்தான்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்வதில் பிழை இருந்தால் அவள் திருத்துவாள். அவள் சொன்னதே பிழை என்றால், திருப்பிச் சொல்லும்போது விமானிக்கு உறைக்கும், அவன் கேட்பான். ஒருவரின் பிழையை மற்றவர் பிடிப்பது என்பதில்தான் அந்தத் தொழிலின் முழு நம்பிக்கையும் தொங்குகிறது. இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. "வரக்குள்ள பாண் வாங்கிட்டு வா" என்றால், "வரக்குள்ள பாண் வாங்கிட்டு வாறன்" என்பாள். விசர் பிடிக்கும்.

இன்னொரு விதியும் உண்டு. மனமோ உடம்போ சரியில்லாவிட்டால், இன்றைக்கு என்னால் முடியாது என்று அவர்களே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிறவரை யாரும் குறைவாக நினைப்பதில்லையாம். நம் ஊரில் இப்படி ஒரு விதி இருந்தால் ஒரு அரசாங்கக் கந்தோரும் திறக்காது.

சுனாமி வந்தபோது சுல்பிகா பள்ளிக்கூடப் பிள்ளை. கடற்கரைத் தெருவில் வீடு. உம்மா அவளை மதிலுக்கு மேலால் தூக்கிப் போட்டு, "மேற்கால ஓடு, வயல் பக்கம் ஓடு, திரும்பிப் பாக்காத" என்று கத்தினாராம். அவள் ஓடினாள். உம்மா மௌத்தாகிவிட்டார். அடக்கம் செய்ய ஜனாஸாவும் கிடைக்கவில்லை. இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தரம்தான் சொல்லியிருக்கிறாள். நானும் தோண்டிக் கேட்டதில்லை.

இனி நான் சொல்ல வந்த மழைநாளுக்கு வருகிறேன்.

ஐப்பசி மாதம். பின்னேரமானால் நாட்டின் உள்பக்கத்தில் இடி மேகம் கறுத்துக் குவியும். கடல் பக்கம் வெளிச்சமாக இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான். சுல்பிகா கோபுரத்தின் கீழ் அறையில் அஸர் தொழுதுவிட்டு மேலே போய் வேலையைப் பொறுப்பெடுத்தாள். மேகம் நினைத்ததை விட வேகமாக வந்தது. வெளியே இருந்த பயிற்சி விமானங்கள் எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. ஒன்றைத் தவிர.

அதில் ஒரு மாணவன் தனியாக இருந்தான். றேடியோவில் வந்த குரல் நடுங்கியது. மேகத்துக்குள் அகப்பட்டுவிட்டேன், தரை தெரியவில்லை, எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை என்றான். மேகத்துக்குள் பறக்க அவன் இன்னும் பழகவில்லை. அப்படிப்பட்டவர்கள் மேகத்துக்குள் கொஞ்ச நேரத்தில் மேல் எது, கீழ் எது என்பதையே இழந்துவிடுவார்களாம்.

அவனைக் கடலுக்கு மேல் எடுக்க வேண்டும். அங்கேதான் வானம் திறந்திருக்கிறது. இது சுல்பிகாவுக்குத் தெளிவாகத் தெரியும். திசைகாட்டியில் தொண்ணூறு என்றால் கிழக்கு, இருநூற்றெழுபது என்றால் மேற்கு. இதுவும் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

"தொண்ணூறுக்குத் திரும்புங்கள்" என்றாள்.

"தொண்ணூறுக்குத் திரும்புகிறேன்" என்று அவன் அப்படியே திருப்பிச் சொன்னான். குரலில் நடுக்கம்கூடக் குறைந்திருந்ததாம்.

சொன்னதும் திருப்பிச் சொன்னதும் ஒன்றுக்கொன்று பொருந்தின. காது ஏற்றுக்கொண்டது. மனமும் ஏற்றுக்கொண்டது. அந்த மனம் அப்போது மேற்குக் கரையில் இருக்கவில்லை, சாய்ந்தமருதில் இருந்தது. எங்கள் ஊரில் கடல் கிழக்கில். இந்தக் கரையில் கடல் மேற்கில். இங்கே வந்த நாளிலிருந்து ஒரு தரமாவது அவள் இதில் தடுமாறியதில்லை. பயம் வந்து நெஞ்சைப் பிடித்த அந்த ஒரு நிமிஷத்தில் மட்டும், கடல் பழைய இடத்துக்குப் போய்விட்டது. அவனை அவள் கடலுக்கு அனுப்பவில்லை. இடி மேகத்தின் வயிற்றுக்குள், மலைப் பக்கம் அனுப்பிவிட்டாள்.

எது அவளை உலுக்கியது தெரியுமா? முழங்கால். அவசரத்தில் மேசைக் காலில் முழங்கால் இடிபட, சற்று முன் தொழுத ஞாபகம் வந்தது. ஊரில் தொழ நின்றால் கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். சற்று முன் அவள் முழங்காலூன்றிய ஸுஜூதிலிருந்து எழும்பியபோது, கீழ் அறையின் ஜன்னலில் கடல் முகத்துக்கு நேரே இருந்தது. தொழும்போது மேற்கே மக்கா பக்கம் முகம் வைக்கிற கிப்லா மாறவில்லை. கடல்தான் மாறியிருக்கிறது.

"யா அல்லாஹ்" என்று அவள் சொன்னது ஒலிப்பதிவில் இருக்கிறதாம். அடுத்த மூச்சிலேயே, "திருத்தம். உடனே இருநூற்றெழுபதுக்குத் திரும்புங்கள்" என்றாள்.

பதில் இல்லை.

மறுபடி சொன்னாள். றேடியோவில் மின்னலின் கரகரப்பு மட்டும் கேட்டது. கிழக்கே வானம் கன்னங்கரேலென்று இருந்தது. அதற்குள் ஒரு பிள்ளை இருக்கிறான், போகச் சொன்னது நான், என்று நினைத்தாள். எழும்பி நின்றுவிட்டாள். ஆனால் குரலை மட்டும் நடுங்க விடவில்லை. நடுங்கினால் அது அவனுக்கும் தொற்றும் என்று மீண்டும் மீண்டும் அதே எண்ணை அதே நிதானத்தில் சொன்னாள். சந்தியில் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு மழையைப் பார்த்து நின்ற எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் குரல் வந்தது. விக்கி விக்கி, "இருநூற்றெழுபது" என்றான். கொஞ்சம் கழித்து, "கடல் தெரியுது, கடல் தெரியுது" என்றான். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பதை மறந்து தமிழில் சொன்னானாம். கரையோர ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு வரச் சொன்னாள். வந்தான். இறங்கினான். அல்ஹம்துலில்லாஹ்.

மேற்பார்வையாளர் அப்போதே அவளை ஆசனத்திலிருந்து எழுப்பி வேறொருவரை இருத்தினார். அதுதான் முறை. அவள் தானாகவே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். விசாரணை நடந்தது, மறுபடி பயிற்சி எடுத்தாள், பரீட்சை எழுதினாள், பிறகுதான் ஆசனம் திரும்பக் கிடைத்தது. அந்த நாட்களில் வீட்டில் அவள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. சோறு ஆக்கினால் உப்பு இருக்காது. நானும் வாயை மூடிக்கொண்டு தின்றேன்.

ஒரு போயா விடுமுறை நாளில் அந்த மாணவன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பார்சல் கட்டாக் கருவாடு. பேர் பிரகாஸ். எந்த ஊர் என்று கேட்டேன்.

"வினாயகபுரம், நானா. திருக்கோவிலுக்கு அங்கால" என்றான்.

அவனுக்குக் குடிக்கக் கொண்டுவந்த கிளாஸை மேசையில் வைத்த சுல்பிகா அதிலிருந்து கையை எடுக்கவில்லை. வினாயகபுரம் நம்மட கரைதான். கடல் கிழக்கில்.

"தம்பி, நான் தொண்ணூறு எண்டு சொல்லக்குள்ள உங்களுக்கு ஒண்டும் தோணல்லயா?" என்று கேட்டாள்.

"தோணினது அக்கா. அப்பாடா, கடலுக்குத்தான் அனுப்புறாங்க எண்டு தோணினது. கிழக்கு எண்டதும் எனக்கு மனம் ஆறிட்டு."

அவன் போன பிறகு அவள் அந்தக் கருவாட்டுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை. "பிழையப் பிடிக்க வேண்டிய ஆளும் என்னப் போலத்தான் இருந்திரிக்கான்" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விசாரணையின்போதும் பார்க்கவில்லை.

அதிலிருந்து ஒரு ஏற்பாடு. அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நான் கேட்க வேண்டும், கடல் எந்தப் பக்கம் என்று. அவள் மேற்கு என்று சொல்லிவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், அவள் பின்னேர வேலைமுறைக்கு உடுத்திக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அவளுக்கு மூத்த ராத்தா றுமானா அழுதபடி போன் எடுத்தார். கடல் ஏறி வருகிறது, சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடுகிறது, வாப்பா வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறார் என்று ஒரே கூக்குரல். லைன் அறுந்துவிட்டது. திருப்பி எடுத்தால் போகவில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை. சுல்பிகா சிலை மாதிரி நின்றாள். ஓட்டோக்காரன் வெளியே ஹோர்ன் அடித்தான்.

வாசலில் பழக்கத்தில் கேட்டேன்.

"கடல் எந்தப் பக்கம்?"

"கிழக்கு."

"சரி, பாத்துப் போ" என்றேன்.

ஓட்டோ சந்தி திரும்பிவிட்டது. நான் கதவைச் சாத்தத் திரும்பினேன். கடல் பக்கமிருந்து பின்னேர வெயில் வந்து கண்ணில் அடித்தது. பின்னேரம். வெயில். கடல் பக்கமிருந்து.

சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். அவளுக்குப் போன் எடுத்தேன், அணைத்திருந்தது. உள்ளே போகிறவர்கள் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவார்கள். வழியில் தலைக்கு மேலால் ஒரு குட்டி விமானம் போனது. அதற்குள் யார் பெற்ற பிள்ளையோ என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது. வாயிற் காவலாளிக்கு என் சிங்களம் விளங்கவில்லை. "மட மனுசா, அவள ஆசனத்தில இருத்த வேணாம் எண்டு சொல்லு!" என்று தமிழிலேயே கத்தினேன். என் கோலத்தைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, அவன் உள்ளே போன் எடுத்தான்.

சுல்பிகாவே இறங்கி வந்தாள்.

"நான் இண்டைக்கு ஆசனத்தில இருக்கல்ல. என்னால ஏலாது எண்டு சொல்லிட்டன். ஓட்டோவில ஏறினதுமே தெரிஞ்சிட்டு" என்றாள்.

நான் மதிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

"நான் பிழையாச் சொன்னதுக்குப் பயமில்ல" என்றாள். "நீங்க சரி எண்டீங்களே. அதுக்குத்தான் பயம்."

ஊரில் கடல் கரையோரத்து மீன் வாடிக் குடிசைகள் வரை வந்து திரும்பிவிட்டது என்று அன்றிரவு செய்தி வந்தது. வாப்பா சுகம். ஆனால் அதற்குப் பிறகு சுல்பிகா என்னைக் கேட்க விடுவதில்லை. கோபுரத்தில் இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் வேலை செய்கிறாள். பொறுப்பெடுக்கும் முன் சுல்பிகா அவளிடம் போய்க் கடல் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுத்தான் ஆசனத்தில் இருக்கிறாளாம். பிழையாகச் சொன்னால் பிழை என்று சொல்ல அந்தப் பெண்ணால் முடியும், என்னால் முடியாது. நியாயம்தான்.

இப்போதும் விமானச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கடைக்கு வெளியே வருகிறேன். அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிறேன். சரியான பக்கம்தான் போகிறது என்று என் மனம் சொல்லும். அப்போதுதான் எனக்குப் பயம் பிடிக்கிறது.