முனிகிருஷ்ணனின் காது

முனிகிருஷ்ணனுக்குக் காதுதான் மூலதனம் என்று மல்லேஸ்வரம் டிரைவர்கள் சொல்வார்கள், கொஞ்சம் பொறாமையோடுதான். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே, முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி, பெட்ரோலா டீசலா, எத்தனை வருஷத்து எஞ்சின், எங்கே மக்கர் பண்ணுகிறது என்று புட்டுப் புட்டு வைப்பார். டீக்கடை வாசலில் அவரோடு பந்தயம் கட்டித் தோற்றவர்கள் நிறைய. மனுஷனுக்கு இதில் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

தொண்ணூற்றொன்றில் ஈஜிபுராவில் ஒண்டுக்குடித்தனம் இருந்தபோது, பொம்மனஹள்ளிக் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றிப் போகும் டீசல் வேன் ஓட்டினார். விடியற்காலைக் குளிரில் அதைக் கிளப்புவதற்குள் தெருவே எழுந்து உட்கார்ந்துவிடும். கிளம்பிவிட்டால் லேசில் நிற்காது. சாவியைத் திருப்பினால் போதாது, ஒரு கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுத்தான் அடங்கும். அதன் பிறகு மல்லேஸ்வரத்தில் முதலாளி சீனிவாசராகவன் வீட்டு பெட்ரோல் காருக்கு மாறினார். அது நாசூக்கு. முணுமுணுவென்று ஓடும், சாவியைத் திருப்பினால் சொன்ன பேச்சுக் கேட்டு நிற்கும்.

டீக்கடையில் டீசல் கட்சி, பெட்ரோல் கட்சி என்று இரண்டு உண்டு. டீசல் விலை குறைவு, லிட்டருக்குக் கூட ஓடும், மேட்டில் மூச்சு வாங்காது என்பார்கள் இவர்கள். புகையாது, உதறாது, இடுப்பு எலும்பு மிஞ்சும் என்பார்கள் அவர்கள். முனிகிருஷ்ணன் இரண்டு கட்சியிலும் இல்லை.

"எதுவா இருந்தா இன்னா? ஓடுனா ஓடுறேன்னு சொல்லுது, நின்னா நின்னுட்டேன்னு சொல்லுது. பொய் பேசாத வண்டி போதும் எனக்கு" என்பார்.

பொய் பேசும் வண்டி இரண்டாயிரத்து ஐந்தில் வந்தது. சீனிவாசராகவன் நாலு வருஷம் ஜப்பானில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அங்கே ஓட்டிய காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. ஹைப்ரிட் என்றார். திரையில் வந்த எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. அது அடிக்கடி டிங் டிங் என்று எதையோ சொல்லிக்கொண்டிருக்கும். யாருக்கும் புரியாததால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"இதோ பாரு முனி" என்றார் சார் முதல் நாளே. "சிக்னல்ல நின்னா எஞ்சின் தானா நின்னுடும். தேவைப்பட்டா தானா ஸ்டார்ட் ஆகும். சத்தம் நின்னுடுத்துன்னா வண்டி ஆஃப்னு மட்டும் நினைச்சுடாதே. இந்த பட்டனை அமுக்கணும், இந்தப் பச்சை விளக்கு அணையணும். அப்பதான் ஆஃப். புரியறதா?"

புரிந்தது. ஆனால் காதுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் அடங்கும். பின்னால் ஆரன் அடிக்கிறான், வண்டி செத்துக் கிடக்கிறது என்று கை தானாகச் சாவியைத் தேடும். கூட்டாளிகளிடம் "பேய் வண்டி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாரே தவிர, உள்ளுக்குள் நிஜமாகவே பயந்தார்.

சார் வீடு பழைய காலத்து பங்களா. கார் ஷெட்டுக்கு மேலே, இடுக்கு விழுந்த பலகைத் தளம் போட்ட ஒரு அறை. அதில்தான் முனிகிருஷ்ணன், மனைவி யசோதா, ஒன்பது வயது மகள் ரூபினி மூவரும் இருந்தார்கள். வாடகை கிடையாது. வேலை இருக்கும்வரை வீடு, வீடு இருக்கும்வரை பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம். புதுக் காரின் ஒயரை எலி கடித்துவிடப் போகிறதென்று சார் ஷெட்டுக்கு இரும்பு ஷட்டர் போட்டு, அடியில் ரப்பர் பட்டையும் வைக்கச் சொல்லியிருந்தார். எலி என்ன, காற்றுகூட நுழையாது. பூட்டின் ஒரே சாவி முனிகிருஷ்ணனின் சட்டைப் பையில் இருக்கும்.

மறு வருஷம் ஏப்ரல் கடைசியில் ரூபினிக்கு அம்மை போட்டது. யசோதா வாசலில் வேப்பிலை செருகினாள், ஜன்னல்களைச் சாத்தினாள். வெளியாள் படியேறக் கூடாது, வீட்டில் எண்ணெய் காயக் கூடாது, தாளிக்கும் சத்தமே கேட்கக் கூடாது. இந்த விஷயங்களில் அவள் இம்மியும் பிசக மாட்டாள்.

அன்று சார் குடும்பம் கல்யாணத்துக்குச் சென்னை கிளம்பியது. ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டு முனிகிருஷ்ணன் திரும்பும்போது பதினொன்றரை. வெயில் கொளுத்தியது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை ஷெட்டுக்குள் விட்டு, வண்டி உருளாமல் பிடிக்கும் பார்க்கிங் பட்டனைத் தட்டினார். எஞ்சின் அடங்கியது. அதே நேரம் மேலேயிருந்து யசோதாவின் குரல்.

"ஏங்க, பாப்பா சொறிஞ்சிக்கிறா, வேப்பிலை பத்தல! பறிச்சிக்கினு வாங்க, சீக்கிரம்!"

இறங்கினார். வண்டி டிங் டிங் என்றது. அது எப்போதும் சொல்வதுதானே. ஷட்டரை இழுத்துப் பூட்டினார். பக்கத்து வீட்டு நோரா மேடத்தின் வேப்பமரத்தில் கொத்தாக ஒடித்து யசோதாவிடம் கொடுத்துவிட்டு, தைக்கக் கொடுத்திருந்த சீட் கவரை வாங்க சிவாஜிநகர் பஸ் ஏறினார்.

வழியில் ஒரு நீண்ட சிக்னல். பஸ் டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். கிழவி ஒருத்தி வெற்றிலை மெல்லும் சத்தம்கூடக் கேட்டது. பச்சை விழுந்ததும் பழைய டீசல் எஞ்சின் கடகடவென்று உதறிக்கொண்டு எழுந்தது. நின்ற எஞ்சின் மறுபடி எழுந்த அந்த உதறலில் முனிகிருஷ்ணனுக்கு ஷெட்டில் விட்டுவந்த வண்டியின் நினைப்பு வந்தது.

ஆஃப் பட்டனை அமுக்கினேனா?

கண்ணை மூடி யோசித்தார். வண்டியை உள்ளே விட்டது ஞாபகம் இருந்தது. யசோதாவின் குரல், வேப்பிலை, ஷட்டர், பூட்டு எல்லாம் ஞாபகம் இருந்தது. பட்டன் மட்டும் ஞாபகத்தில் இல்லை. பச்சை விளக்கு அணைந்ததா என்றும் தெரியவில்லை.

சாமிநாதன் நினைவுக்கு வந்தான். கூட ஓட்டிய டிரைவர். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள் படுத்தவன், உள்ளேயே தேங்கிய புகையில் எழுந்திருக்கவே இல்லை. அவனைத் தூக்கியவர்களில் முனிகிருஷ்ணனும் ஒருவர். தூங்குகிறவன் முகம் போலத்தான் இருந்தது, உதடு மட்டும் சிவந்திருந்தது.

அதற்குள் சென்னையில் இறங்கியிருந்த சாருக்குப் போன் போட்டார்.

"சார், ஒரு சந்தேகம். பட்டன் ஆஃப் பண்ணாம விட்டா, ஆளே இல்லன்னாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆவுமா?"

"ஏசி ஓடித்துன்னா பேட்டரி இறங்கும். இறங்கினா ஸ்டார்ட் ஆகத்தானே செய்யும்? விட்டு விட்டு ஓடிண்டே இருக்கும். ஏன் கேக்கற?"

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சார் அங்கிருந்தபடியே நோரா மேடத்துக்குப் போன் போட்டிருப்பார். மேடம் கீழே நின்று ஒரு குரல் கொடுத்தால் யசோதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பாள். இரண்டே நிமிஷம். ஆனால் சொன்னால் வேலை என்ன ஆகும், அந்த அறை என்ன ஆகும் என்ற பயம் பிள்ளைக்கான பயத்தை முந்திக்கொண்டது.

"சும்மாதான் சார்" என்றார் முனிகிருஷ்ணன்.

பஸ்ஸிலிருந்து குதித்து ஆட்டோ பிடித்தார். "பேக ஹோகு, பேக ஹோகு" என்று கன்னடத்தில் விரட்டியபடி டிரைவரின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். மூன்று தடவை போனைக் கையில் எடுத்தார், மூன்று தடவையும் பைக்குள் போட்டார். வழியெல்லாம் வண்டிகள். அரை மணி நேரம் பிடித்தது.

கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடி ஷட்டரில் காதை வைத்தார். ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா, நிறுத்திவிட்டுத்தான் போயிருக்கிறேன் என்று அப்படியே சரிந்து உட்கார்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது. சாவியைப் பைக்குள் போடப் போனார்.

அப்போது ஷட்டருக்கு உள்ளே, ஆள் இல்லாத வண்டியில், எஞ்சின் மெதுவாகத் தானே ஸ்டார்ட் ஆனது.

பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கியபோது அனல் முகத்தில் அடித்தது. நாற்றம்கூடப் பெரிதாக இல்லை. அந்தப் பழைய டீசல் வேனாக இருந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் இருமவைத்து எழுப்பிக் காட்டிக்கொடுத்திருக்கும். இது சுத்தமான வண்டி. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டனை அமுக்கிவிட்டு மாடிப்படி ஏறினார்.

யசோதா கதவு வரைக்கும் தவழ்ந்து வந்து விழுந்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. ரூபினி வேப்பிலைப் படுக்கையில் துணி மாதிரிக் கிடந்தாள். இருவரையும் எப்படி இறக்கினார் என்பது அவருக்கே தெரியாது. போர்ட்டிகோவில் போட்டு, பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார், உலுக்கினார், வாய்விட்டு அழுதார். ரொம்ப நேரம் கழித்து ரூபினி வாந்தியெடுத்தாள்.

"நைனா, தல வலிக்குது" என்றாள்.

"ஆஸ்பத்திரி போலாம், ஆட்டோ கூப்புடுறேன்" என்று எழுந்தார் முனிகிருஷ்ணன். யசோதா அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மை போட்ட புள்ளையவா? ஆத்தா கோவத்துல கீறா, நீங்க வேற கிளப்பி விடாதீங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. "எல்லாம் என்னாலதான். பாப்பா சாப்பிடவே மாட்டேன்னுச்சு. தயிர் சோத்துக்கு நாலு கடுகு தாளிச்சேங்க. நாலே நாலு கடுகு. உடனே தல சுத்திச்சு. ஆத்தா காட்டிட்டா."

முனிகிருஷ்ணன் வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவளோ அழுதுகொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டார். பொழுது சாயும்வரை பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் சார் போன் செய்தார்.

"மத்தியானம் என்னமோ கேட்டியே, வண்டி சரியாத்தானே இருக்கு?"

"சும்மாதான் சார். வண்டி நல்லா கீது."

ரூபினி பிழைத்தாள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் பழையபடி ஓடியாடத் தொடங்கினாள். அந்த வண்டியைப் பழுது பார்க்க ஊரில் ஆள் இல்லாததால் இரண்டு வருஷத்தில் சார் அதை விற்றுவிட்டு டீசல் கார் ஒன்று வாங்கினார். அதை நிறுத்திய பிறகும் முனிகிருஷ்ணன் மூன்று தடவை இறங்கி வந்து சாவியைத் தொட்டுப் பார்ப்பார். ஷட்டர் அடியில் இருந்த ரப்பர் பட்டையை எலி தின்றுவிட்டது என்று சொல்லி அவரே அறுத்துப் போட்டார்.

யசோதா அதற்கப்புறம் தாளிப்பதே இல்லை. ரசம், சாம்பார், மோர்க்குழம்பு எல்லாமே கடுகில்லாமல்தான். செவ்வாய்க்கிழமை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கோவிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாள்.

ரூபினி இப்போது எட்டாவது படிக்கிறாள். எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் ஒரு நாள் குடையை மறப்பாள், ஒரு நாள் ஜாமெட்ரி பாக்ஸை மறப்பாள். போன வாரம் கணக்குப் பரீட்சையில், முந்தின நாள் ஒப்பித்த வாய்ப்பாடு மறந்துவிட்டது என்று அழுதுகொண்டு வந்தாள். அன்று மூச்சில் போன புகை பிள்ளையின் தலையில் தங்கிவிட்டதோ என்று முனிகிருஷ்ணனுக்குத் தோன்றியது. மகளின் முகத்தையே உற்று உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் அன்னிக்கு நான் தாளிச்சதுதான்" என்றாள் யசோதா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, முனிகிருஷ்ணன் வண்டியைத் துடைக்கக் கீழே இறங்கிப் போனார்.