பூனைக்குப் பத்தியம்

மலாயாவில் அவசரகாலத்தில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடாதபடி அரிசியை அளந்து கொடுத்தார்கள். அதில் எலி வாய் வைத்தால் பட்டினிதான். அதனால் பால்வெட்டும் பெத்தம்மாள் ஒரு சாம்பல் பூனை வளர்த்தாள். இது அவள் ஊருக்குச் சொன்ன காரணம். புருஷன் செத்த வீட்டில் அவளுக்குப் பேச்சுத்துணை வேறு இல்லை என்பதுதான் உண்மை.

வெறிநோய் பயம் கிளம்பியபோது, ஊசி போடாத நாய், பூனைகளைச் சுட்டுவிடுவார்கள் என்று தோட்டத்தில் அறிவித்தார்கள். பெத்தம்மாள் முதல் ஆளாகப் பூனையைச் சாக்கில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே மருந்து கொடுக்கும் டிரஸர் கனகலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், ஊசியைப் போட்டு, சொந்தக்காரி பேரை ஊசிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

"அடுத்த மாசம் ரெண்டாவது ஊசி. பிறகு வருஷத்துக்கு ஒருக்கா. மறவாமல் கொண்டு வாங்கோ."

பெத்தம்மாளுக்குத் தெரிந்த ஊசி அம்மை ஊசி ஒன்றுதான். பிள்ளைகளுக்கு அம்மை குத்தினால் வீட்டில் செய்வதையெல்லாம் பூனைக்கும் செய்தாள். வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பதை நிறுத்தினாள். இரண்டாவது ஊசி வரைக்கும் பூனைக்குக் கருவாடு கிடையாது, வெறும் கஞ்சி. தானும் அதையே குடித்தாள். பூனைக்கு அவ்வளவு பக்தி இல்லை. சில நாளிலேயே கம்பி நீட்டிவிட்டது.

தேடாத இடமில்லை. ஊசி நாளும் வந்தது. இனி கண்ணில் பட்டால் சுடுவார்களே என்று பெத்தம்மாள் அழுதுகொண்டே டிரஸர் வீட்டுக்குப் போனாள். அங்கே அடுப்படியில், அவர் மனைவி சந்திராதேவியின் காலடியில், பூனை மீன்தலையைக் கடித்துக்கொண்டிருந்தது. நன்றாகச் சதை போட்டிருந்தது.

"ஆத்தா! இது எம் பூனைம்மா!"

"இவ்வளவு நாளும் என்ர மீனைத்தானே திண்டது? இனி ஊசிப் புத்தகத்தில என்ர பூனை எண்டே அவர் எழுதட்டும்" என்றாள் சந்திராதேவி.

பெத்தம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க மீனு போட்டீங்க, சரிலா. அது ஓடிப்போன பொறவும் நான் பத்தியத்த விடலம்மா. எங்க இருந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு இன்னிக்கி வரைக்கும் கஞ்சிதான் குடிக்கிறேன்."

சந்திராதேவி அவளுடைய ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள். பூனையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். சத்தம் கேட்டு வந்த கணவரிடம், "பெத்தம்மாள் எண்டே எழுதுங்கோ" என்றாள். பிறகு சோறும் மீன்குழம்பும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"முதல்ல நீங்க சாப்பிடுங்கோ. ஊசி பிறகு."

பெத்தம்மாள் கூச்சப்படாமல் சாப்பிட்டாள். சந்தோஷத்தில் மறுசோறும் கேட்டாள்.