தின்னர் ஏறிய காப்பிக்கொட்டை

"எங்கூட்டு மாட்டுக்கே இன்சூரன்ஸ் இருக்குதுங்க. காதுல வில்லை தொங்குது, போயிப் பாருங்க. உங்களுக்கு இல்லீங்களா?"

ஏற்காட்டு மலையில் உள்ள மாரமங்கலத்தில் ஒரு காப்பி விவசாயியின் மனைவி என் அப்பாவிடம் இப்படிக் கேட்டார். அப்பா பெயிண்டிங் காண்ட்ராக்டர். நான் அவர் மகள்; பி.காம். முடித்துவிட்டு அவருக்குக் கொட்டேஷன் அடித்துக் கொடுப்பவள். கொட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். பசு நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது, காதில் மஞ்சள் வில்லை. சுரீர் என்றது எனக்கு. அந்த வாசலில் நின்ற உயிர்களில் நாங்கள் மட்டும்தான் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நின்றோம். இவ்வளவு படித்தும் அதுவரை எனக்கு இது தோன்றியதே இல்லை.

நடந்தது இதுதான். அவர்கள் வீட்டுக்கு உள்ளும் வெளியும் பெயிண்ட் அடிக்கிற வேலை. எங்கள் ஆட்கள் எல்லோரும் அடிவாரத்துக்காரர்கள். மலையில் மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிடும். வெளியில் வைத்த பொருளெல்லாம் நசநசத்துப் போகும். அதனால் மேலே வேலைக்கு வந்தால் அவர்களுக்கு ஒரு பழக்கம்: வீட்டிலேயே எந்த அறை நன்றாகக் காய்ந்திருக்கிறதோ அதைக் கேட்டு வாங்கி, சாமான்களை அங்கே போட்டுவிடுவார்கள். ரிசார்ட்டுகளில் இதனால் ஒரு தொல்லையும் வந்ததில்லை. காப்பி விளைகிற வீட்டிலோ நன்றாகக் காய்ந்த அறையில் இருப்பது காப்பி மூட்டை. இவர்கள் அந்த அறையில், பெயிண்டை இளக்குகிற தின்னர் டின்னைத் திறந்து வைத்து, பிரஷ்களை அதில் ஊறப் போட்டு, பனி புகாமல் கதவையும் சாத்திவிட்டார்கள். வேலை நடந்த நாளெல்லாம் இப்படியே. காப்பிக்கொட்டை பக்கத்தில் இருக்கிற வாசனையை உறிஞ்சிக்கொள்ளும் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை.

ஏற்காட்டுக் காப்பி வியாபாரிக்குத் தெரிந்தது. ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனவர், "ஏனுங்க, காப்பி கொண்டாந்தீங்களா, கதவுக்கு அடிக்கிறத கொண்டாந்தீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாராம். ஒரு மூட்டைகூட எடுக்கவில்லை. ஒரு வருஷ விளைச்சல் அப்படியே திரும்பி வந்தது.

"நீங்கதானுங்க அந்த ரூமத் தொறந்து விட்டீங்க" என்றார் அப்பா.

"சாமான் நனையக் கூடாதுன்னு தொறந்து விட்டனுங்க. எங்க காப்பியில தின்னரத் தாளிச்சு வெக்கச் சொன்னனா?" என்றார் அந்த அம்மா.

அவர் கணவர் நாங்கள் இன்னும் கீழே கொண்டுபோகாமல் அங்கேயே விட்டிருந்த ஸ்பிரே மிஷின், ஏணிகள், சாரக்குழாய்கள் எல்லாவற்றையும் அதே அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "காப்பிக்கு ஒரு வழி சொல்லிப்போட்டு எடுத்துட்டுப் போங்க." அவ்வளவுதான். கோடை சீசனுக்கு முன் ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் முழுவதையும் அடித்து முடித்துத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். மிஷின் இல்லாமல் அந்த வேலை கிடையாது. அது போனால் ஆட்கள் வேறு காண்ட்ராக்டரிடம் போய்விடுவார்கள். அதன்பின் அப்பா காண்ட்ராக்டர் இல்லை.

மலை இறங்கும்போது அப்பா சொன்னார்: "இன்னிக்கே அந்த இன்சூரன்ஸ எடுத்துப்போடு கண்ணு."

"போன மாசம் கெட்டுப்போன காப்பிக்கு இன்னிக்கு எடுத்தா எவன்ப்பா குடுப்பான்?"

"அப்புறம் எதுக்கு அந்த எழவு?"

இந்தக் கேள்வியைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சேலத்துப் பெயிண்ட் கடை வாசலில் டீ குடிக்கும் அத்தனை காண்ட்ராக்டர்களும் இதையே கேட்கிறார்கள். "நாங்க சுத்தமா வேலை செய்யறவங்க சாமி, எங்களுக்கு எதுக்கு?" என்கிறார் ஒருவர். "எங்கப்பன் காலத்துல எவன் எடுத்தான்?" என்கிறார் இன்னொருவர். உங்கள் அப்பா சுண்ணாம்பு அடித்தார் ஐயா. சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். நீங்கள் மிஷினில் ஸ்பிரே அடிக்கிறீர்கள். ஒரு காற்று திரும்பினால் பக்கத்து வீட்டுக் காரெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். அப்போது என்ன செய்வீர்கள்? வேலை தொடங்கும்போது வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்ட மட்டும் ஒருவரும் மறப்பதில்லை.

நான் விசாரித்த முதல் ஏஜென்ட், அப்பா பெயரில் ஆயுள் பாலிசி எடுக்கச் சொன்னார். அதாவது, அப்பா செத்தால் பணம் வரும். அப்பா எதையாவது கெடுத்துவிட்டால் வராது. இரண்டாமவரும் அதையே இனிப்பாகச் சொன்னார். மூன்றாவதாகப் பேசிய பெண்தான் விஷயம் தெரிந்தவர். வேலை செய்யும் இடத்தில் அடுத்தவர் பொருளுக்கு நம்மால் சேதம் வந்தால் அதற்கு ஒரு பாலிசி. சாரத்திலிருந்து நம் ஆள் விழுந்தால் அதற்குத் தனியாக இன்னொன்று. "என்ன வேலை செய்யறீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லிருங்க. எதுக்கெல்லாம் கிடைக்காதுங்கறதையும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார். இவ்வளவு சுலபமான விஷயத்தை இத்தனை வருஷம் எங்கள் தொழிலில் யாரும் சொல்லாமல் இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பா கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? சாமான் ஏற்றுகிற குட்டியானை வேனை விற்றார். அந்தக் காப்பி மூட்டைகளை முழு விலைக்கு வாங்கிக்கொண்டு மிஷினை மீட்டார். அந்த அம்மா வழியனுப்பும்போதுகூட விடவில்லை. "வாசமா இருக்கும், ஊட்டுல போட்டுக் குடிங்க." நான் திருப்பிச் சொல்ல வாய் திறந்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். எனக்கு அந்த வீட்டின் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஏணியைக்கூடத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டேன்.

இப்போது லாட்ஜ் வேலை தொடங்கப் போகிறது. வாடகை வண்டி பேசியாகிவிட்டது. முந்தாநாள் பாலிசிப் பேச்சை எடுத்தேன்.

"இந்த வேலை நல்லபடியா முடியட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

"முடிஞ்சப்புறம் எதுக்குப்பா?"

"நொம்பப் படிச்சுட்டீல்ல?" என்றார். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அம்மா வழியாகத்தான் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்.

அந்த லாட்ஜுக்குக் கீழே கார் நிறுத்துமிடம். பக்கத்தில் ஒரு தேன் கடை, கண்ணாடி அலமாரிகளோடு. மூன்று மாடிக்கும் ஸ்பிரே.

நாளைக் காலை சேலம் போய் விண்ணப்பத்தை எடுத்து வரப் போகிறேன். அப்பா கையெழுத்துப் போட்டால் சரி. போடவில்லை என்றால், வேலை தொடங்கும் அன்று அந்த வாடகை வண்டியில் நானும் ஏறுவேன். லாட்ஜ் வாசலில் ஒரு ஏணியைக்கூட இறக்க விடமாட்டேன். ஆட்கள் சிரிக்கட்டும், லாட்ஜ்காரர் கத்தட்டும். அப்பா அங்கேயாவது என்னோடு பேசித்தானே ஆக வேண்டும்.