பைக்குள் போன மூக்குக்கண்ணாடி

கண்ணாடியைத் தூக்கிப் போடுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்வது என் வேலை. கண்ணாடி இல்லாவிட்டால் என் செருப்பு எங்கே கிடக்கிறது என்று எனக்கே தெரியாது.

கொடைக்கானலில் ஒரு கண் மருத்துவமனைக் கிளையில் ஆலோசகராக இருக்கிறேன். கிட்டப்பார்வைக்கு மூன்று லேசர் சிகிச்சைகள். கருவிழியின் மேல்தோலை நீக்கிச் செய்தால் சில நாள் எரிச்சல், பார்வை மெதுவாகத் தெளியும். மடல்போலத் திறந்து செய்தால் மறுநாளே தெரியும், ஆனால் கண் உலரும். சிறு கீறல் வழியாகச் செய்தால் உலர்வது குறைவு. சில மாதம் போனால் பெரும்பாலானவர்களுக்கு மூன்றிலும் பார்வை ஏறக்குறைய ஒன்றுதான். மூக்கில் தழும்போடு இதைப் படிக்கும் சக கண்ணாடிக்காரர்களே, இத்தனையும் மூச்சு விடாமல் சொல்வேன். என் கருவிழி மெலிசு, மூன்றில் ஒன்றும் எனக்கு ஆகாது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

டீ வந்த நேரம்

ஏரிப் பக்கம் காட்டேஜ் நடத்தும் ஒரு அம்மா மகனுக்காக விசாரிக்க வந்திருந்தார். படங்களை விரித்து விளக்கிக்கொண்டிருந்தபோது டீ வந்தது. குளிருக்கு ஒரு வாய் குடித்தேன். ஆவி ஏறி என் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. பேச்சை நிறுத்த மனமில்லாமல், படம் இருந்த திசையை உத்தேசமாகத் தொட்டுப் பேசிக்கொண்டே போனேன். அந்த அம்மா டம்ளரை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார்.

"இம்புட்டு நல்ல ஆபரேஷன்னா, மொத ஆளா நீங்கள்ல பண்ணிருக்கணும்?"

இரண்டு குல்லாக்கள்

இது எங்கள் மேனேஜர் காதில் விழுந்தது. ஆட்களோடு பேசும்போது கண்ணாடி சட்டைப் பைக்குள் இருக்கட்டும் என்றார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கழற்றினேன்.

அடுத்து கிளாவரை மலைக்கிராமத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பழுப்பு ஸ்வெட்டர், முகத்தை மூடிய ஒரே குரங்குக் குல்லா. எங்கள் ஊர்க் குளிரில் கண்ணாடி உள்ளவனுக்கே ஆளை அடையாளம் தெரியாது. எதிரில் தெரிந்த பழுப்பு உருவத்திடம், எந்தச் சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு நாள் தோட்டத்துப் புழுதி ஆகாது என்று உருகி உருகிச் சொன்னேன். அதுவும் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. சிகிச்சைக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது.

"கண்ணு எனக்குத்தாங்க பாக்கணும். அவன் ஜீப் ஓட்டிட்டு வந்தவன், சும்மா தலையாட்டிக்கிட்டு கெடக்கான்."

மன்னவனூர்ப் பெண்

வளர்மதிக்கு போலீசில் சேர ஆசை. ஓட்டம், நீளம் தாண்டுதல் எல்லாம் பழகி வைத்திருந்தாள். கண்ணாடி இல்லாமல் எழுத்துப் படித்துக் காட்டுவதுதான் பாக்கி. அதற்காகத்தான் மன்னவனூரிலிருந்து வெள்ளனே பஸ் ஏறி வந்திருந்தாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு, கருவிழி மெலிசு, எந்த லேசரும் கூடாது, பக்குவமாகச் சொல்லுங்கள் என்று என்னிடம் அனுப்பினார்.

சொன்னேன். அவள் அழவில்லை. கண்ணாடி இல்லாத என் மூக்கின் இரு பக்கத் தழும்பையும் பார்த்திருப்பாள் போல. "நீங்க பண்ணிக்கிட்டீங்கள்ல சார், மூணுல எது? எனக்கும் அதையே பண்ணச் சொல்லுங்க" என்றாள்.

பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன். அப்போதுதான் அவள் முகமே தெரிந்தது. என்னுடையதைவிடத் தடிமனான கண்ணாடி போட்டிருந்தாள்.

"எனக்கும் மெலிசுதாம்மா. மூணும் ஆகாது" என்றேன்.

அவள் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பிக் கேட்டாள்.

"பின்ன என்னத்துக்கு சார் கழட்டி வச்சிருந்தீங்க? நம்மள மாதிரி இருக்கது அம்புட்டு கேவலமா?"

இப்போதெல்லாம் மூன்றையும் ஒப்பிட்டு முடித்ததும் நாலாவதாக என் மூக்கின் மேல் இருப்பதையும் காட்டிவிடுகிறேன், டீயை மட்டும் ஆறவிட்டுக் குடிக்கிறேன்.